சுவருக்கும் ஒரு கம்பளிச்சட்டை

(பொண்டியில் நடைபெற்ற சங்க அங்கத்தவர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, நீங்களும் ஒரு கால் மணித்தியாலம் பேசவேணும்" என்று கேட்டபோது கொஞ்சம் பயந்துபோனேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ பேசச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கு இந்த மண்டபத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்டது சுவரைப் பற்றி. சுவர் என்றால் எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்ததில் பாதி வேலைத்தலங்களில் படித்தது. மற்றப் பாதி என்ர சொந்த வீட்டைப் பழுதாக்கிப் படித்தது. இரண்டாவதைத்தான் இன்றைக்குக் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் வந்த காலத்தில் லாச்சப்பலுக்குக் கிட்ட ஒரு அறையில் ஆறு பேர், ஏழு பேர் இருந்தோம். சுவரில் ஈரம் ஊறினாலென்ன, பூஞ்சணம் பிடித்தாலென்ன, அது வீட்டுக்காரனுடைய சுவர். கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டுப் படுத்தோம். இப்ப அப்படியில்லை. உணவகத்தில் கோப்பை கழுவி, விடியப்புறம் கந்தோர்களைத் துப்புரவாக்கி, சீட்டுக் கட்டி, இருபது இருபத்தைந்து வருசக் கடனில் எங்கட சனம் பொண்டி, திரான்சி, பொபினி பக்கங்களில் பழைய பவியோன் வீடுகளை வாங்கியிருக்கிறது. பிள்ளையளுக்குப் பொண்டி என்றால் எம்பாப்பே வளர்ந்த ஊர். எங்களுக்கு அது கடைசியில் ஒரு வளவும் வாசலும் கிடைத்த ஊர்.

வீடு வாங்கினதும் நாங்கள் என்ன செய்கிறோம்? குசினியை உடைத்துப் புதிதாக்குகிறோம். நிலத்துக்கு மாபிள் போடுகிறோம். சாமி அறைக்கு இடம் பார்க்கிறோம். முகட்டில் சின்னச் சின்ன லைற் பூட்டுகிறோம். சுவரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது சும்மா நிற்குதுதானே என்ற எண்ணம். அது சும்மா நிற்கவில்லை. உங்களுடைய றேடியேற்றரின் சூட்டில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வீதத்தை அதுதான் வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கூரையால் போவது இருபத்தைந்து முதல் முப்பது வீதம். இது பிரான்சின் எரிசக்தி முகாமையான அடெம் சொல்லுகிற கணக்கு.

இந்த வீடுகள் என்ன வீடுகள் என்று முதலில் விளங்கவேணும். முதலாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பரிசின் வடகிழக்குப் புறநகர்களில் வயல்களையும் காடுகளையும் துண்டு துண்டாக வெட்டித் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். தண்ணீர்க் குழாய் இல்லை, கழிவு வாய்க்கால் இல்லை, மழை பெய்தால் வீதி முழுக்கச் சேறு. வாங்கின சனம் பட்ட பாடு பாராளுமன்றம் வரை போய், 1928 இல் சறோ சட்டம் என்று ஒன்று வந்து வீதிகளைத் திருத்த உதவி கிடைத்தது. அதே வருசம் லூஷேர் சட்டம் வந்து, கையில் காசில்லாதவர்களும் கடனில் வீடு கட்ட வழி பிறந்தது. அவர்களும் எங்களைப் போலத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, கிடைத்த சாமானைக் கொண்டு கட்டினார்கள். செங்கல், மோலியேர் என்கிற துளைத்துளையான மஞ்சள் நிறக் கல், நிலக்கரிச் சாம்பலில் அரிந்த கட்டி, எது மலிவோ அது. பல வீடுகளில் கல்லுக்கு நடுவில் சாந்தாக இருப்பது சீமெந்து அல்ல, ஜிப்சத்தைச் சுட்டு அரைத்த பிளாஸ்ரர். ரொமன்வில், மொன்த்ரெய், வோஜூர் எல்லாம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கே தோண்டின ஜிப்சம்தான் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் சாந்தும் பூச்சும்.

குளிர்காப்பு என்ற பேச்சே அப்போது இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974 இல்தான் புதுக் கட்டடங்களுக்குச் சூடு காக்கும் விதியைப் பிரான்ஸ் முதன்முதலாகக் கொண்டுவந்தது. "அண்ணை, என்ர சுவர் நாற்பது சென்ரிமீற்றர் கல்லு, குளிர் வராது" என்று சிலர் பெருமையாகச் சொல்லுவார்கள். குளிர் வரும். நாற்பது சென்ரிமீற்றர் கல்லுச் சுவர் சூட்டைத் தடுப்பது, ஒரு சென்ரிமீற்றர் கண்ணாடிப் பஞ்சு தடுப்பதற்குத்தான் ஏறக்குறையச் சமம். தடித்த சுவர் சூட்டைச் சேமித்து வைக்கும். கோடையில் அது நல்லது. யாழ்ப்பாணத்தில் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்குள் மத்தியான வெயிலில் போனால் குளிர்ச்சியாய் இருந்தது அதனால்தான். ஆனால் மூன்று நாலு மாதம் விடாமல் குளிரும்போது அந்தத் தடிப்பு கைகொடுக்காது.

இனி என்ர கதை.

வீடு வாங்கின முதல் மாரியில் வடக்குப் பக்க அறைச் சுவர் பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்தது. சின்னவன் படுக்கிற அறை அது. நான் வேலை தெரிஞ்சவன்தானே என்ற துணிச்சலில், வோல்பேப்பரைக் கிழித்துவிட்டு, பின்பக்கம் வெள்ளைப் போம் ஒட்டின ஜிப்சம் பலகைகளைப் பசைக்கட்டி வைத்துச் சுவரோடு ஒட்டினேன். இரண்டு நாள் வேலை. பெயின்ற் அடித்தேன். அறை வடிவாய் வந்தது. அதே வருசம் பழைய மர யன்னல்களைக் கழற்றி இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டேன். சுவரின் மேலே இருந்த காற்றுத் துவாரத்தால் குளிர் வருகுது என்று பஞ்சு அடைந்து மூடினேன். வெளியே சுவரின் அடியில் பூச்சு உதிர்ந்திருந்த இடத்துக்கு நல்ல தடிப்பாய்ச் சீமெந்து பூசினேன். ஒவ்வொன்றையும் கெட்டித்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

அடுத்த மாரியில் அறை சூடாய்த்தான் இருந்தது. அதற்கடுத்த மாரியில் மனைவி சொன்னா, "இஞ்சேருங்கோ, இந்த அறையில ஏதோ மணக்குது." நான் சப்பாத்து மணம் என்றேன். தை மாதம் சின்னவனுக்கு இருமல் தொடங்கியது. இரவில் இழுப்பு. வைத்தியர் மருந்து கொடுத்தார்; பிறகு நேரே கேட்டார், "வீட்டில் பூஞ்சணம் இருக்கிறதா?" "இல்லை, எல்லாம் புதிதாய்ச் செய்தது" என்று நான் பெருமையாய்ச் சொன்னேன். அந்தப் பதிலை நினைக்க இப்பவும் வெட்கமாய்க் கிடக்கு.

என்னோடு வேலை செய்த வயதான போர்த்துக்கீச மேசன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் பலகையின் அடியில் ஒரு கையளவு வெட்டி எடுத்தார். பின்பக்கம் முழுவதும் கறுப்பு. சுவரில் விரலால் அழுத்தினார். பிளாஸ்ரர் புட்டுமா மாதிரி உதிர்ந்தது.

என்ன நடந்தது? சோடாப் போத்தலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் வெளியே வேர்க்குதல்லவா, அதுதான். இருபது பாகைச் சூட்டில் அறுபது வீத ஈரப்பதன் உள்ள காற்று, பன்னிரண்டு பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீரை விடும். நாலு பேர் உள்ள வீட்டில் மூச்சு, சமையல், குளிப்பு, உடுப்புக் காயப்போடுவது எல்லாம் சேர்ந்து நாளுக்குப் பத்து லீற்றர் அளவு தண்ணீர் காற்றில் கலக்கும் என்று இங்கத்தைய கட்டடக்காரர் கணக்குச் சொல்லுவார்கள். அது சாதாரண பிரெஞ்சுக் குடும்பத்தின் கணக்கு. சோறு வடித்து, புட்டு அவித்து, றசம் கொதிக்கவைத்து, ஐந்து பேரின் உடுப்பை விறாந்தையில் காயப்போடுகிற எங்கட வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ.

முன்பு அந்த ஈரம் ஓட்டை யன்னலாலும் துவாரத்தாலும் வெளியேறியது. நான் இரண்டையும் அடைத்துவிட்டேன். போம் பலகை ஒட்டினதால் அறைச் சூடு கல்லுக்குப் போகவில்லை. ஆகவே கல் முன்னரைவிடக் குளிர்ந்தது. பலகைக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த வெளிக்குள் நுழைந்த காற்று அங்கே தண்ணீராய்ப் படிந்தது. நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் வேறு. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்புப் படை பெரும்பாலும் கிடையாது. ஏறின ஈரம் முன்பு வெளிப்பூச்சு வழியாய்க் காய்ந்தது. நான் சீமெந்து பூசி அந்த வழியையும் மூடினேன். சீமெந்தும் ஜிப்சமும் ஈரத்தில் கூடினால் வீங்கி வெடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாது.

ஊரில் எங்களுக்குச் சீமெந்து என்றால் ஒரு மதிப்பு. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கின பிறகு, கல்வீடு என்பது சீமெந்து வீடு என்றே ஆகிவிட்டது. சுண்ணாம்புச் சாந்தைத் தாத்தாமாரின் காலத்துச் சாமான் என்று ஒதுக்கினோம். இங்கே வந்து பார்த்தால், இந்தப் பழைய சுவர்களுக்கு மருந்து அதே சுண்ணாம்புதான். அது ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும்.

ஆகவே, வேலை செய்யிற ஒழுங்கைச் சொல்லுகிறேன். குளிர்காப்பு கடைசிக்குக் கிட்டத்தான் வரும். முதலில் தண்ணீரைப் பாருங்கோ. பீலி ஓட்டையா, மழைத் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டுதா, வெளி நிலம் வீட்டு நிலத்தைவிட உயர்ந்திருக்குதா, சுவரடியில் யாராவது சீமெந்து பூசியிருக்கிறார்களா. பிறகு காற்று. வே-எம்-சே என்று சொல்லுகிற, குசினியிலும் குளியலறையிலும் இருந்து இழுத்து வெளியே தள்ளும் விசிறிப் பொறி. 1982 விதிக்குப் பிறகு கட்டின வீடுகளில் முழு வீட்டுக்கும் காற்றோட்டம் இருக்கவேணும். பழைய வீட்டில் நாங்கள்தான் பூட்டவேணும். பெரிய செலவில்லை. அதன் பிறகு கூரை, ஏனென்றால் சூடு கூடப் போவது அதனால்தான், வேலையும் சுகம். அதற்குப் பிறகுதான் சுவர்.

சுவருக்கு வெளியே போர்ப்பதா, உள்ளே போர்ப்பதா? முடிந்தால் வெளியே என்பதுதான் என்ர அபிப்பிராயம். கம்பளிச்சட்டையை நாங்கள் உடம்புக்கு வெளியேதானே போடுகிறோம். சுவர் சூடாய் இருக்கும், அறையும் சுருங்காது, தளத்து மரச் சட்டங்களின் நுனி சுவருக்குள் குளிர்ந்து உக்காது. ஆனால் செலவு கூட. வெளித்தோற்றம் மாறுவதால் மேரியில் மனுக் கொடுக்கவேணும், வீதியோரச் சுவரென்றால் நடைபாதைச் சிக்கலும் வரும். வடிவான மோலியேர்க் கல்லு முகப்பை மூடுவதற்கு எனக்கு மனமும் வராது, பல இடங்களில் அனுமதியும் வராது. வெளியே செய்தாலும் ஈரம் வெளியேறக்கூடிய சாமானாகப் பார்க்கவேணும்; ஈரச் சுவருக்குப் போம் ஒட்டினால் என்ர கதைதான்.

உள்ளே செய்தால் இடம் போகும். மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் அறையில் இரண்டு பக்கம் பதினைந்து சென்ரிமீற்றர் வைத்தால், ஒன்பது சதுர மீற்றர் எட்டாகும். கட்டில் போடுகிற இடத்தை முதலே அளந்து பாருங்கோ.

எவ்வளவு தடிப்பு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பொதியில் லம்டா என்று ஒரு எண் எழுதியிருக்கும். தடிப்பை மீற்றரில் எடுத்து அந்த எண்ணால் பிரித்தால் வருவது தடுப்புச் சக்தி, ஆர் என்று சொல்லுவார்கள். லம்டா 0.032 உள்ள கண்ணாடிப் பஞ்சு 12 சென்ரிமீற்றர் என்றால் 3.75. அரசாங்க உதவிகளுக்குச் சுவருக்குக் கேட்பது 3.7. மரநார்ப் பலகைக்கு லம்டா 0.038 அளவில், ஆகவே 14 சென்ரிமீற்றருக்கு மேல் வேணும். விலையும் கூட. ஆனால் ஈரத்தை வாங்கி விடக்கூடியது, கோடை வெக்கையையும் பிந்தித்தான் உள்ளே விடும். 2003 ஆவணியில் பிரான்சில் வெக்கையால் பதினையாயிரம் பேரளவில் இறந்ததையும், 2019 யூலையில் பரிசில் 42.6 பாகை அடித்ததையும் மறக்காதேங்கோ. கண்ணாடிப் பஞ்சு கெட்ட சாமான் அல்ல. காய்ந்த சுவருக்கு முன்னால், அறைப் பக்கத்தில் நீராவியைத் தடுக்கும் தாளை ஓட்டையில்லாமல் ஒட்டி, பிளக் பெட்டி வருகிற இடங்களையும் மூடிச் செய்தால் நிற்கும். அந்தத் தாளை விட்டுவிட்டு அல்லது கிழித்துவிட்டுப் போகிறவர்கள்தான் கூட. மெல்லிய பூச்சே போதும் என்கிற இடத்தில் சணல் தும்பு கலந்த சுண்ணாம்புச் சாந்து இருக்கிறது. தடுப்புக் குறைவு, ஆனால் கை வைத்தால் சுவர் குளிராது.

இப்ப ஒரு முக்கியமான விசயம், தாய்மார் கவனிக்கவேணும். பழைய சுவரைச் சுரண்டுவதற்கு முதல், பெயின்றில் ஈயம் இருக்குதா என்று பாருங்கோ. 1949 க்கு முதல் கட்டின வீடுகளை விற்கும்போது ஈயப் பரிசோதனை அறிக்கை கொடுத்தே ஆகவேணும். அது உங்களுடைய வீட்டு உறுதிக் கட்டுக்குள் எங்கேயோ கிடக்கும், யாரும் வாசித்திருக்கமாட்டோம். 1985 இல் பரிசில் சின்னப் பிள்ளைகளுக்கு ஈய நஞ்சேறியது கண்டுபிடிக்கப்பட்டது. பழைய வீட்டுப் பெயின்ற் துகள்தான் காரணம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் போல வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். ஈயம் இருந்தால் மெசினால் உரஞ்சித் தூள் பறக்க விடக்கூடாது. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்த வீட்டில் அந்த நாட்களில் இருக்கக்கூடாது. அஸ்பெஸ்ரஸும் அப்படித்தான். 1997 முதல் பிரான்சில் தடை, ஆனால் பழைய கொட்டில் கூரைகளில் இன்னும் கிடக்கு. ஊரில் அந்தச் சீற்றுக்குக் கீழே வளர்ந்ததால் எங்களுக்குப் பயமில்லை. பயப்படவேணும். வெட்டாதேங்கோ, துளைக்காதேங்கோ.

காசு விசயத்துக்கு வருகிறேன். 2019 இல் "ஒரு யூரோவுக்கு வீட்டுக்குப் பஞ்சு" என்று ஊரெல்லாம் கூவினார்கள். 2021 இல் அது முடிந்துபோனது. அதில் நல்லாய் வேலை செய்தவர்களும் இருந்தார்கள், பஞ்சைத் தூவிவிட்டு ஓடினவர்களும் இருந்தார்கள். 2020 யூலையிலிருந்து இந்த வேலைகளுக்கு ரெலிபோனில் ஆள் பிடிப்பதே சட்ட விரோதம். ஆகவே அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டால் வைத்துவிடுங்கோ. வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினால் பதினாலு நாளுக்குள் திருப்பி எடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பினால் நல்லது.

மா பிறீம் றெனோவ் உதவி 2020 இல் தொடங்கியது. விதி அடிக்கடி மாறுகிறது. 2025 கோடையில் பெரிய திருத்த வேலைகளுக்கான விண்ணப்பங்களைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். 2026 தொடக்கத்திலிருந்து சுவரை மட்டும் தனியாய்ச் செய்தால் அந்த உதவி இல்லை என்று 2025 செப்ரெம்பரில் ஆணை வந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார், எனக்கும் வரும் என்று நம்பவேண்டாம். பிறான்ஸ் றெனோவ் ஆலோசனை இலவசம்; பிரெஞ்சு தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. விண்ணப்பம் போடுமுன் வேலையைத் தொடங்கினால் உதவி கிடையாது. அரசாங்க உதவிக்கு எர்-ஜே-எ தகுதிப் பத்திரம் உள்ள கம்பனிதான் செய்யவேணும்.

எங்கட பெடியள் நல்ல வேலைகாரர். நான் மறுக்கவில்லை. ஆனால் கறுப்பில் செய்விக்கிற வேலைக்குப் பத்து வருசக் காப்புறுதி இல்லை. 1978 சட்டப்படி கட்டட வேலைக்காரருக்கு அது கட்டாயம். மூன்றாம் வருசம் சுவர் கறுத்தால் யாரைக் கேட்பது? ஒன்றாய் இருந்து சாப்பிட்ட மச்சானோடு கோபம்தான் மிஞ்சும். தம்பிமாரே, நீங்களும் காப்புறுதியைப் போட்டுத் தொழிலைப் பதிந்து செய்யுங்கோ, வேலை உங்களுக்குத்தான் வரும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2025 சனவரி 1 இலிருந்து, எரிசக்தி அறிக்கையில் கடைசி வகுப்பான ஜி விழுந்த வீட்டைப் புதிதாய் வாடகைக்கு விடவோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ முடியாது. எஃப் வகுப்புக்கு 2028 என்று சட்டம். சுவர் ஈரமென்றால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கோ. வாயால் சொன்னது நிற்காது. வீட்டை வாங்கி எங்கட ஆட்களுக்கே வாடகைக்கு விடுகிற அண்ணைமாரும் இதைக் காதில் போடவேணும்.

என்ர வீட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சின்னவனை எங்கட அறைக்கு மாற்றினோம். பலகை முழுவதையும் கழற்றி எறிந்தேன். வெளியே நான் பூசின சீமெந்தை நானே கொத்தி எடுத்தேன். பூச ஒரு நாள், கொத்த ஐந்து நாள். ஒரு முழுக் கோடையும் சுவரை அம்மணமாய் விட்டுக் காயவைத்தோம். உதிர்ந்த பிளாஸ்ரரை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசி, வே-எம்-சே பூட்டி, அடுத்த வருசம் மரநார்ப் பலகை வைத்தேன். அந்தப் போர்த்துக்கீச மேசன் வந்து பார்த்து, இந்த முறையும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கோப்பி குடித்துவிட்டுத்தான் போனார். சின்னவனுக்கு இழுப்புக் குறைந்திருக்கு. முற்றாய் விட்டது என்று சொல்லமாட்டேன், பம்ப் இன்னும் பையில்தான் இருக்கு.

அடுத்த அறை இன்னும் பழைய கோலத்தில்தான் கிடக்கிறது. வருசப்பிறப்பு முடிய, றேடியேற்றரை நிற்பாட்டினதும் அதை உடைக்கத் தொடங்குகிறேன். பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விருப்பமானவர்கள் வாருங்கோ. தேத்தண்ணி தருவோம். பழைய உடுப்போடு வாருங்கோ, பிள்ளையளை மட்டும் கூட்டிவராதேங்கோ.